ஆயுதக் கொள்முதலில் ஈடு: பெறுவது பொருளா, திறனா?

(பொறியியல் மாணவர்களும் சிறுதொழில் முனைவோரும் கூடியிருந்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



அச்சகத்தாரிடம் 'ஆஃப்செட்' என்று சொன்னால் அவர்கள் ஓர் அச்சு முறையை நினைப்பார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. வெளிநாட்டிலிருந்து பெருந்தொகைக்குப் போர்த் தளவாடங்களை வாங்கும் அரசு, விற்பவருக்கு விதிக்கும் ஒரு நிபந்தனையே அங்கு ஆஃப்செட் எனப்படுகிறது. 'நாங்கள் தரும் விலையில் ஒரு பங்குக்கு ஈடாக, எங்கள் தொழிற்சாலைகளிடம் பொருள் வாங்குங்கள். அல்லது எங்கள் நாட்டில் மூலதனம் இடுங்கள். அல்லது தொழில் நுட்பம் தாருங்கள்' என்பதே அந்த நிபந்தனை. தமிழில் இதனை ஈடு ஒப்பந்தம் என்று கூறலாம்.

இது அமைச்சக அலுவலர்களுக்கும் வெளிநாட்டு விற்பனையாளர்களுக்கும் இடையிலான கணக்கு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. தளவாடங்களுக்குச் செலவிடப்படும் பணம் வரி செலுத்துவோரின் பணம். அதில் ஒரு பகுதி நம் நாட்டுப் பட்டறைகளுக்கும் ஆய்வுக் கூடங்களுக்கும் திரும்பி வருமா, வந்தால் எந்த வடிவில் வரும் என்பது இங்கு அமர்ந்திருக்கும் உங்கள் அனைவரின் வாழ்வையும் தொடும் வினாவாகும்.

சொல்லின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் நிலைகொண்டிருந்தன. அப்படைகளுக்கான செலவினால் அமெரிக்காவின் அந்நியச் செலாவணி வெளியேறியது. அந்த இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, அமெரிக்கத் தளவாடங்களை வாங்குவதாக மேற்கு ஜெர்மனி 1961-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அதாவது, தொடக்கத்தில் ஆயுதம் வாங்குவதே ஈடாக இருந்தது. பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. ஆயுதம் வாங்குபவரே ஈடு கேட்கும் நிலை தோன்றியது.

இம்மாற்றத்தை உலகறியச் செய்தது 1975-ஆம் ஆண்டின் எஃப்-16 ஒப்பந்தம். பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்து 348 எஃப்-16 போர் விமானங்களை வாங்க முன்வந்தன. தனித்தனியே பேரம் பேசியிருந்தால் இச்சிறு நாடுகளின் குரல் எடுபட்டிராது. சேர்ந்து பேசியதால், தாங்கள் வாங்கும் விமானங்களின் மதிப்பில் 40 சதவீதமும், அமெரிக்க விமானப் படைக்கான முதல் 650 விமானங்களின் மதிப்பில் 10 சதவீதமும், பிற நாடுகளுக்கு விற்கப்படும் விமானங்களின் மதிப்பில் 15 சதவீதமும் தங்கள் தொழிற்சாலைகளுக்கு வேலையாகக் கிடைக்கும்படி அவை ஏற்பாடு செய்துகொண்டன. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விமானங்களை முழுமையாக ஒன்றுசேர்க்கும் கூடங்கள் அமைந்தன. அதன்பின் ஈடு கேட்காத நாடே அரிது என்னும் அளவுக்கு இவ்வழக்கம் பரவியது.

இவ்வழக்கத்தை விற்பனை செய்யும் நாடுகள் விரும்புவதில்லை. தன் நிறுவனங்கள் ஈடு தருவதை ஊக்குவிப்பதில்லை என்பதை அமெரிக்க அரசு 1990-ஆம் ஆண்டிலேயே தன் கொள்கையாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2009-ஆம் ஆண்டில் பாதுகாப்புக் கொள்முதலுக்கான விதிகளை வகுத்து, உறுப்பு நாடுகள் ஈடு கேட்பதை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கை, அதில் சேர்ந்துள்ள நாடுகள் ஈடு கேட்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. எனினும் நாட்டின் பாதுகாப்புக்கான கொள்முதலுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கின் நிழலில்தான் இவ்வொப்பந்தங்கள் உலகெங்கும் வாழ்கின்றன.

ஈட்டின் இயக்கம்

ஈடு இருவகைப்படும். வாங்கும் தளவாடத்தோடு நேரடித் தொடர்புடைய வேலையைப் பெறுவது நேரடி ஈடு. விமானம் வாங்கும் நாடு அவ்விமானத்தின் இறக்கையையோ வாலையோ செய்து கொடுப்பது இதற்கு எடுத்துக்காட்டு. தளவாடத்தோடு தொடர்பில்லாத வேறு தொழிலில் வேலையோ மூலதனமோ பெறுவது மறைமுக ஈடு.

கணக்கிடும் முறையையும் காண்போம். 3,000 கோடி ரூபாய்க்கு ஒரு தளவாடம் வாங்கப்படுகிறது என்றும், ஈடு 30 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். விற்பவர் 900 கோடி ரூபாய் அளவுக்கு நம் நாட்டில் ஈடு நிறைவேற்ற வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலையிடமிருந்து 900 கோடி ரூபாய்க்கு உதிரிப் பாகங்களை வாங்குகிறார். ஆனால் அப்பாகங்களுக்கு வேண்டிய உலோகக் கலவையை அத்தொழிற்சாலை 600 கோடி ரூபாய்க்கு இறக்குமதி செய்கிறது எனில், நம் நாட்டில் உண்மையில் சேர்ந்த மதிப்பு 300 கோடி ரூபாய் மட்டுமே. இதனால்தான் நமது விதிகள் இறக்குமதிப் பகுதியைக் கழித்து, இங்கு சேர்ந்த மதிப்பை மட்டும் கணக்கில் கொள்கின்றன.

இனி, பெருக்கு எண் என ஒன்று உண்டு. அரசு மிகவும் விரும்பும் துறைக்கு ஈடு வந்தால், அதன் மதிப்பைப் பெருக்கிக் கணக்கு வைப்பது இம்முறை. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, குறு, சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு ஒரு ரூபாய் வேலை தந்தால் அது ஒன்றரை ரூபாயாகக் கொள்ளப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி அமைப்புக்கு அரிய தொழில் நுட்பம் தந்தால் மூன்று மடங்கு வரை கணக்கில் ஏறியது. நோக்கம் நல்லதே. ஆனால் ஏட்டில் உள்ள தொகையும் நாட்டுக்குள் வந்த தொகையும் ஒன்றல்ல என்பதை இம்முறையைக் காண்போர் நினைவில் இருத்த வேண்டும்.

ஈடு இலவசம் அன்று

பொதுமக்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. விற்பவர் தம் இலாபத்திலிருந்து ஈடு தருகிறார் என்பதே அது. எந்த வணிகரும் இழப்புக்கு வணிகம் செய்வதில்லை. புதிய இடத்தில் தொழிலாளரைப் பயிற்றுவிக்கவும், தரத்தைச் சோதிக்கவும், தாமதத்தைத் தாங்கவும் ஆகும் செலவை அவர் முன்கூட்டியே மதிப்பிட்டு விலையில் சேர்த்துவிடுகிறார். நிறைவேற்றாவிட்டால் கட்ட நேரும் அபராதமும் அவருக்குக் கணக்கில் ஓர் இனமே. நமது 2012 விதிகளில் இவ்வபராதம் நிறைவேறாத பகுதியின்மீது ஆண்டுக்கு 5 சதவீதம். ஒப்பந்தக் காலத்தில் அதன் உச்ச வரம்பு 20 சதவீதம்.

மற்றொன்றும் உண்டு. விற்பவர் எப்படியும் நம்மிடம் வாங்கியிருக்கக்கூடிய பொருளையே ஈடு என்று காட்டினால், நமக்குப் புதிதாக வந்தது எதுவுமில்லை. பழைய வேலைக்குப் புதிய பெயர் கிடைத்ததே மிச்சம். கூடுதல் விலை மட்டும் உண்மையாகவே நம் கையை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே, ஈடு என்பது நாம் பணம் கொடுத்து வாங்கும் ஒரு பண்டம். பண்டம் என்றால், அது விலைக்குத் தகுமா என்று பார்ப்பது வாங்குவோர் கடமை.

மூன்று நாடுகளின் பாடம்

தென்கொரியா 1991-ஆம் ஆண்டில் 120 எஃப்-16 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் 12 விமானங்கள் அமெரிக்காவிலிருந்து முழுமையாக வந்தன. 36 விமானங்களைப் பகுதிகளாகப் பெற்றுக் கொரியர்கள் ஒன்றுசேர்த்தனர். எஞ்சிய 72 விமானங்களைத் தம் நாட்டிலேயே உரிமம் பெற்று உற்பத்தி செய்தனர். ஏணியின் படிகளைப் போல ஒவ்வொன்றாக ஏறும் ஏற்பாடு இது. அதற்கும் மேலாக, தமக்கு எது வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர்: பயிற்சி விமானம் ஒன்றைத் தாமே வடிவமைக்கும் ஆற்றல் வேண்டும். எஃப்-16 ஒப்பந்தத்தின் வழியே கிடைத்த தொழில் நுட்ப உதவியும், விற்பனை நிறுவனத்தோடு 1997-இல் தொடங்கிய கூட்டு முயற்சியும் சேர்ந்து, 2002-ஆம் ஆண்டில் டி-50 என்னும் ஒலியினும் விரைந்த பயிற்சி விமானமாகப் பறந்தன. அம்முயற்சியின் செலவில் 70 சதவீதத்தைக் கொரிய அரசே ஏற்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். தம் பணத்தையும் தம் பொறியாளர்களையும் முன்வைத்தே அவர்கள் பிறர் அறிவைப் பெற்றனர்.

போலந்து 2003-ஆம் ஆண்டில் 48 எஃப்-16 விமானங்களைச் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. ஈடாக வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 600 கோடி டாலர். விமானத்தின் விலையை விட ஈடு பெரியது! பெருக்கு எண்களின் துணையின்றி இத்தகைய தொகை எழாது. ஈட்டுத் திட்டங்கள் பாதுகாப்புக்கு வெளியேயுள்ள பல தொழில்களிலும் விரவியிருந்தன. அவற்றால் பயன் எதுவும் விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் போர் விமானத்தை வடிவமைக்கும் தொழில் அதனால் அங்கு உருவாகவில்லை. 2022-ஆம் ஆண்டில் போலந்து மீண்டும் 48 இலகு போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. இம்முறை விற்றவர்கள் கொரியர்கள். விற்கப்பட்டது டி-50-இன் போர் வடிவமான எஃப்ஏ-50. போலந்து வாங்கிய விமானங்களின் எண்ணிக்கை கொரியா வாங்கியதில் பாதிக்கும் குறைவு என்பது உண்மையே. எனினும், ஒருவர் தொகையை நாடினார், மற்றவர் திறனை நாடினார் என்னும் வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் கசப்பானது. 1999-ஆம் ஆண்டில் போர் விமானங்கள், போர்க் கப்பல்கள், நீர்மூழ்கிகள் ஆகியவற்றைச் சுமார் 3,000 கோடி ராண்ட் செலவில் வாங்க அந்நாடு முடிவு செய்தபோது, 10,000 கோடி ராண்டுக்கும் மிகுந்த ஈடு வரும் என்றும், சுமார் 65,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் மக்களுக்குக் கூறப்பட்டது. வறுமையும் வேலையின்மையும் மிகுந்த நாட்டில் இந்த வாக்குறுதியே ஆயுதக் கொள்முதலுக்கு நியாயம் கற்பித்தது. வேலைவாய்ப்புகள் அந்த அளவை எட்டவில்லை. கொள்முதல் மீது எழுந்த ஊழல் புகார்களை ஆராய 2011-ஆம் ஆண்டில் விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. ஈட்டுத் தொகையின் பெருமையைக் காட்டி, தேவையற்ற செலவைத் தேவையானதாகத் தோன்றச் செய்யலாம் என்பதே இதில் உள்ள ஆபத்து.

நமது அனுபவம்

ஈடு என்ற சொல் நம் நாட்டு விதிகளில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, உரிமம் பெற்று உற்பத்தி செய்யும் முறையை நாம் மேற்கொண்டோம். கான்பூரில் ஒன்றுசேர்க்கப்பட்ட ஆவ்ரோ போக்குவரத்து விமானம் 1961-ஆம் ஆண்டு நவம்பரில் பறந்தது. ஆவடியில் 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. சோவியத் நாட்டுடன் 1962-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மிக்-21 விமானத்தின் உடற்பகுதி நாசிக்கிலும், எஞ்சின் ஒரிசாவின் கோராபுட்டிலும், மின்னணுக் கருவிகள் ஐதராபாத்திலும் தயாராயின. அறுநூறுக்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்விமானம் நம் விமானப் படையிலிருந்து விடைபெற்றது.

இத்தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான திறன்மிக்க தொழிலாளரை உருவாக்கின. அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் ஒரு பாகத்தை எப்படிச் செய்வது என்பதை அறிவது ஒன்று. அது ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறிவது வேறொன்று. உரிமத்தோடு வரும் வரைபடம் முன்னதைக் கற்பிக்கும், பின்னதைக் கற்பிக்காது. நூற்றுக்கணக்கில் எஞ்சின்களைச் செய்த நாடு, தானே வடிவமைத்த காவேரி எஞ்சினைத் தேஜஸ் விமானத்தில் பொருத்த இயலாமல், அமெரிக்க எஞ்சினை வாங்க நேர்ந்தது. கொரியாவின் டி-50 விமானத்தில் உள்ளதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சினே. எஞ்சினின் உள்ளறிவை எந்த ஈட்டு ஒப்பந்தமும் எளிதில் தந்துவிடாது என்பதற்கு இவ்விரு விமானங்களே சான்று.

நம் நாட்டில் முறையான ஈட்டு விதி 2005-ஆம் ஆண்டில் வந்தது. 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்களுக்கு 30 சதவீத ஈடு என்று அது வகுத்தது. 2016-ஆம் ஆண்டில் அந்த வரம்பு 2,000 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் செய்துகொண்ட 36 ரஃபேல் விமானங்களுக்கான உடன்பாட்டில் ஈடு 50 சதவீதமாக இருந்தது.

பலன் என்ன? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2005 முதல் 2018 மார்ச் வரை 66,427 கோடி ரூபாய் மதிப்புள்ள 46 ஈட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2018 டிசம்பருக்குள் 19,223 கோடி ரூபாய்க்கு ஈடு நிறைவேறியிருக்க வேண்டும். நிறைவேற்றியதாக விற்பனையாளர்கள் காட்டியது 11,396 கோடி ரூபாய். அதிலும் அமைச்சகம் ஏற்றுக்கொண்டது 5,457 கோடி ரூபாய் மட்டுமே. வரவேண்டிய நூறு ரூபாயில், ஐயத்திற்கு இடமின்றி வந்தது ஏறத்தாழ 28 ரூபாய் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். இவற்றையெல்லாம் விட எண்ணிப் பார்க்கத் தக்கது ஒன்றுண்டு: வெளிநாட்டு விற்பனையாளர் இந்தியத் தொழிலுக்கு உயர் தொழில் நுட்பம் மாற்றித் தந்ததாக ஒரு நிகழ்வு கூடத் தணிக்கையில் காணப்படவில்லை.

இதே காலத்தில் நற்பயன்களும் விளைந்தன. ஐதராபாத்தில் இந்திய, அமெரிக்க நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலைகள் சி-130ஜே போக்குவரத்து விமானத்தின் வாற்பகுதியையும் அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதியையும் செய்து ஏற்றுமதி செய்கின்றன. உலகத் தரத்தில் குறித்த நாளில் தருவதற்கு நம் தொழிலாளரால் இயலும் என்பதை அவை மெய்ப்பித்தன. ஆனால் அவை பெரும்பாலும் வரைபடத்தின்படி செய்யும் வேலைகள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

புதிய வழி

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் நடைமுறை, அரசுகளுக்கிடையிலான உடன்பாடுகளுக்கும் ஒரே விற்பனையாளர் உள்ள கொள்முதல்களுக்கும் ஈட்டு நிபந்தனையை நீக்கிவிட்டது. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் ஈடு கேட்டால், அதன் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும் என்பது இதன் அடிப்படை. எஞ்சிய ஒப்பந்தங்களில், உதிரிப் பாகங்களைக் காட்டிலும் முழுமையான தளவாடங்களை இங்கு செய்வதற்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது.

ஆவ்ரோவுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்கள் வாங்க 2021-ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் இங்கு குறிப்பிடத்தக்கது. அவற்றுள் 16 விமானங்கள் ஸ்பெயினிலிருந்தும், 40 விமானங்கள் வதோதராவிலிருந்தும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. வதோதராக் கூடம் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. தனியார் துறை ஒன்று ராணுவ விமானத்தை முழுமையாகச் செய்யும் முதல் முயற்சி இதுவே. அறுபது ஆண்டுகளுக்கு முன் கான்பூரில் ஒன்றுசேர்த்த விமானத்துக்கு மாற்றையும் நாம் பிறர் வடிவமைப்பில்தான் செய்கிறோம். இதன் அடுத்த மாற்றையாவது நாமே வடிவமைக்க, இம்முயற்சி படிக்கட்டாக அமையுமா என்பதே இதன் வெற்றியை அளக்கும் அளவுகோல்.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஓர் ஈட்டு ஒப்பந்தம் அறிவிக்கப்படும்போது நாம் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். முதலாவது, இதனால் வாங்கும் விலை எவ்வளவு கூடிற்று? ஈடின்றி ஒரு விலையும் ஈட்டோடு ஒரு விலையும் கேட்டுப் பெற்றாலன்றி இதற்கு விடை தெரியாது. இரண்டாவது, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய வேலை இதில் எவ்வளவு? மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன: வெறும் கட்டடமா, பிறர் வரைபடமா, நம் சொந்த அறிவா? நான்காவது, வருகின்ற அறிவை ஏற்க இங்கு எவர் காத்திருக்கிறார்?

இந்நான்காவது வினாவே தலையாயது. குடம் இருந்தால்தான் தண்ணீர் முகக்க முடியும். ஆராய்ச்சிக்கு நாம் செலவிடாமல், அறிந்தவர் வந்து கற்பிப்பார் என்று காத்திருப்பது பயன் தராது. எந்த ஒரு நுட்பத்தில் நாம் பாதித் தொலைவு தாமே நடந்திருக்கிறோமோ, அந்நுட்பத்தையே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பத்துத் துறைகளில் சிறிது சிறிதாகப் பெறுவதைக் காட்டிலும், ஒரு துறையில் ஆழமாகப் பெறுவது மேல்.

சிறுதொழில் முனைவோருக்கு ஒரு சொல். உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவை அதன் மையங்கள். பம்புகளும் மோட்டார்களும் செய்து கைதேர்ந்த ஊர்களுக்கு உலோக வேலை புதிதன்று. ஆனால் விமானப் பாகம் செய்வதற்குத் தேவைப்படுவது கைத்திறன் மட்டுமன்று. ஒவ்வொரு துண்டு உலோகமும் எங்கிருந்து வந்தது, எந்தச் சூட்டில் பதப்படுத்தப்பட்டது, எவர் சோதித்தார் என்பதற்கு ஏடு இருக்க வேண்டும். தரச் சான்று பெறவும், முதல் ஆணை வரும்வரை தாக்குப் பிடிக்கவும் ஆண்டுகள் பல ஆகலாம். அந்த இடைக்காலத்தில் கடன் தருவதும், சோதனைக் கூடங்களைப் பொதுவில் அமைத்துத் தருவதும் அரசும் வங்கிகளும் செய்ய வேண்டிய உதவி. பெருக்கு எண்ணை உயர்த்துவதைக் காட்டிலும் இது உறுதியான உதவி.

மாணவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. வரைபடத்தைப் படிக்கக் கற்பதோடு நின்றுவிடாதீர்கள். அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேளுங்கள். 'ஏன்' என்று கேட்கத் தெரிந்த பொறியாளர் ஒரு நூறு பேர் பேரம் பேசும் மேசையின் பின்னால் இருந்தால், முப்பது சதவீதமா ஐம்பது சதவீதமா என்ற வழக்கு பின்தங்கிவிடும். என்ன வேண்டும் என்பதை அறிந்தவருக்கே பேரத்தில் பயன் கிட்டும். அந்த அறிவை உள்நாட்டில் வளர்ப்பதே பாதுகாப்புத் துறையில் நாம் நாடும் தற்சார்பின் முதற்படி.